காட்சியும் பொருள்கோளும்: ஆராய்ச்சிக் கட்டுரையின் விவாதப் பகுதி

ஆராய்ச்சிக் கட்டுரையொன்றிற் பெறுபேறுகளைக் கூறும் பகுதி, கண்டதைக் கண்டவாறே உரைக்கும். அதனையடுத்து வரும் விவாதப் பகுதியோ, கண்டதற்குப் பொருள் யாதென ஆசிரியர் கருதுவதைப் புலப்படுத்தும். மாணாக்கர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கி, ஊகத்தையும் நிறுவப்பட்ட உண்மையெனக் கொள்வர். இம்மயக்கம் நீங்குதற்கு மலைநாட்டு வரலாறே தக்கதோர் எடுத்துக்காட்டை அளிக்கின்றது.

நோர்வூட்டை உள்ளடக்கிய டிக்கோயாப் பகுதியில், இன்று தேயிலை நிற்கும் சரிவுகளில் முன்னாளிற் கோப்பியே பயிரிடப்பட்டது. 1869-ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளிலே தோட்டங்களெங்கும் பரவிற்று. இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படியும், இலை உதிரும், விளைவு குன்றும். மழைக்குப்பின் நோய் மிகுதலை யாவரும் கண்டனர். காட்சியில் வேறுபாடில்லை, பொருள்கோளிலேயே வேறுபாடு எழுந்தது. மண்வளக் குறைவும் காலநிலைக் கேடும் மரத்தை மெலிவித்தமையாற் பங்கசு வந்து பற்றியது என்றனர் ஒரு சாரார். பங்கசே நோய்க்குக் காரணம் என்றனர் மறுசாரார்.

1880-இல் இலங்கைக்கு வந்து ஈராண்டளவு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர், இவ்விரு கொள்கைகளையும் பிரித்தறியத்தக்க சோதனைகளை நாடினார். நலமுள்ள இலைகளில் நீர்த்துளியோடு வித்திகளை இட்டபோது, அவை முளைத்து இலைவாய்களின் வழியே உட்புகுந்து நோயை உண்டாக்கின. மழைக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு இதனால் விளங்கிற்று. வித்தி முளைத்தற்கு வேண்டிய நீரை மழை அளித்தது. அவர் அரசுக்கு அறிக்கைகளை எழுதி அளித்தார். விவாதம் எனத் தலைப்பிட்ட தனிப்பகுதியை அவற்றிலே தேடுதல் வேண்டா. அவ்வழக்கம் 20-ஆம் நூற்றாண்டிலேதான் வேரூன்றிற்று. ஆயினும் விவாதத்தின் உயிர்நிலை அங்கு உளது. எதிர்க்கொள்கையாலும் அதே காட்சியை விளக்கலாகுமா என்னும் வினாவே அது. இவ்வினா எழாத விவாதப் பகுதியை, அதன் நடை எத்துணை அழகியதாயினும், ஐயத்தோடு படித்தலே தகும்.

சொல்லாட்சியும் நோக்கற்பாலது. ‘காட்டுகின்றது’ என்பதும் ‘இருத்தல் கூடும்’ என்பதும் ஒரே எடையுடையன அல்ல. தலவாக்கலையிற் செய்த தேயிலை ஆய்வின் முடிபு இரத்தினபுரித் தோட்டங்களுக்கும் பொருந்துமென ஒருவர் எழுதுவாராயின், உயரமும் வெப்பமும் வேறாகிய அவ்விடத்திற்கு அம்முடிபை எச்சான்று கொண்டு விரித்தார் எனக் கேட்டல் வேண்டும்.

ஆய்வின் எல்லையை ஆசிரியர் கூறும் வரிகளைப் பலரும் விரைந்து கடப்பர். அவையே சிலபோது பெரும்பயன் தருவன. பங்கசு இலையினுட் புகுந்தபின் மேலே தூவும் மருந்து அதனை எட்டாது. வித்தி முளைக்குமுன்பே இலைமேற் காப்பு இருத்தல் வேண்டும் என்பது வார்ட் கண்ட முடிபு. காரணம் அறியப்பட்டது, நோயுற்ற தோட்டங்களை மீட்கும் வழி அறியப்படவில்லை. மருந்தை எதிர்நோக்கியிருந்த துரைமார்க்கு இது ஏமாற்றமாயிற்று. கோப்பி வீழ்ந்தது, தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர், எஞ்சினோர் தேயிலைக்கு மாறினர். 1946-இல் அத்தேயிலையையும் கொப்புள நோய் பற்றியபோது, இளந்தளிர்மீது செப்பு மருந்தை முற்காப்பாகத் தெளிக்கும் முறையே மலைநாட்டிற் கைக்கொள்ளப்பட்டது.