காற்றை எதிர்க்கும் கூடு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்தார் எளிதில் மறவார். தென்னந்தோப்புகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. விளைபொருளும் நூலும் வைக்கும் கொட்டகையை எவ்வாறு அமைப்பது என்பது நம் அங்கத்தினர் யாவர்க்கும் உரிய வினா. அதற்கு ஒரு விடையாகக் கூறப்படும் ஜியோடெசிக் குவிமாடத்தை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வமைப்பு நம் நாட்டில் துணி விற்பனைக்கும் பயன்பட்டது. அகமதாபாத்தில் காலிகோ ஆலையின் கடைக்காகக் கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீரா சாராபாயும் 1962-63ல் இத்தகைய மாடம் ஒன்றை எழுப்பினர். 1954ல் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பக்மின்ஸ்டர் புல்லரின் கருத்தே அவர்களுக்கு வழிகாட்டிற்று.

இதன் கணக்கு யாது? நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி மூலையை அழுத்தினால் கோணிப்போகும். முக்கோணமோ, குச்சி ஒடிந்தாலன்றி உருமாறாது. இருபது சமபக்க முக்கோணங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ உருண்டையான உருவம் அமையும். ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்து, புதிய முனைகளைக் கோளப் பரப்புவரை வெளியே தள்ளி, பாதியைக் கொண்டால் குவிமாடம் ஆயிற்று. அதில் 40 முக்கோணங்கள், 65 கழிகள், 26 முடிச்சுகள். கழிகளுக்கு இரண்டே நீளம். 20 அடி விட்டமுள்ள கொட்டகைக்கு, முடிச்சின் நடுவிலிருந்து நடுவரை 6 அடி 2 அங்குலம் உள்ளவை 35. 5 அடி 5½ அங்குலம் உள்ளவை 30. ஐந்து கழிகள் கூடும் ஆறு முடிச்சுகளிலிருந்து பிரிபவை யாவும் குட்டைக் கழிகள், ஏனையவை நெடுங்கழிகள். நடுவே தூண் வேண்டா. ஓரிடத்தில் விழும் பாரத்தைப் பல கழிகள் பகிர்ந்து தாங்குகின்றன. கூட்டுறவின் இலக்கணமும் அதுவே அன்றோ!

குறைகளும் உள. இணைப்புகள் பலவாதலின் மழைநீர் கசியும் இடமும் பல. சுவர் வளைந்திருப்பதால் தறியையோ மூட்டைகளையோ ஓரமாக ஒட்டி வைத்தல் அரிது. எடை குறைவாதலின், அடித்தளத்தோடு இறுகப் பிணைக்காவிடில் காற்றே தூக்கிச் செல்லும். போர்வைக்கும் கவனம் வேண்டும். மாண்ட்ரீலில் 1967ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு எழுந்த பெருமாடத்தின் அக்ரிலிக் போர்வை 1976ல் தீக்கிரையாயிற்று; எஃகுச் சட்டமே எஞ்சியது. அகமதாபாத் மாடமும் ஆலை மூடியபின் பேணுவாரின்றிச் சிதைந்தது.

ஆகவே, சங்கப் பணத்தைச் செலவிடுமுன் சிறு மாதிரி ஒன்று செய்து பார்ப்போம். தென்னை ஈர்க்கில் 12.4 செ.மீ. நீளத்தில் 35, 10.9 செ.மீ. நீளத்தில் 30 நறுக்கி, நூலால் முடிந்து, அடிமுடிச்சுகள் பத்தையும் பலகையில் ஆணியடித்து நிறுத்துக. மேலே கைவைத்து அழுத்துக. அது தாங்கும் பாரம் கண்டு நம்பிக்கை பிறப்பின், பொறியாளரைக் கலந்து, முதலில் ஒரு நாற்றங்கால் நிழற்கூட்டில் தொடங்குவோம்.