மஞ்சள் விளக்கு எரியுதா?



எங்க மாமாவோட பழைய காரில் 'ஏ.பி.எஸ்.' என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. "பல்பைக் கழற்றிட்டா சரியாப் போச்சு" என்றார் தெரிந்தவர் ஒருவர். அது ஆபத்து. ஏன்னு சொல்றேன்.

வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். வண்டி வழுக்கிக்கிட்டே போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. இதைத் தடுப்பதுதான் ஏ.பி.எஸ். சக்கரத்தின் வேகத்தை சென்சார் கவனிக்கும். சக்கரம் நிற்கப் போனால் பிரேக்கை விநாடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும். அப்போ பெடல் அதிரும். பயந்து காலை எடுக்கக் கூடாது.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் வழுக்கலைத் தடுக்காது. நம்ம திருச்சுழிக் கரிசல் சேறு சென்சாரில் அப்பினாலும், ஒயர் அறுந்தாலும் இப்படி ஆகும். மெக்கானிக்கிடம் காட்டணும்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டணும். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். பழைய கார்கள் பலவற்றில் அது கிடையாது.

உங்க வீட்டுக் காரில் ஏ.பி.எஸ். இருந்தால், சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து சில விநாடியில் அணையுதான்னு பாருங்க. எரியவே இல்லைன்னா, யாராவது பல்பைக் கழற்றியிருக்கலாம்!