இலைக்கட்டு தினம் போகிறது, பில் மாதம் ஒன்று: இன்வாய்ஸ்நவ் மென்பொருள் எங்கே தடுமாறுகிறது?

2026 ஏப்ரல் 1 முதல், தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் பதியும் எல்லா வணிகங்களும் இன்வாய்ஸ் விவரங்களை இன்வாய்ஸ்நவ் வழியாகச் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். புதிதாகத் தொடங்கிய நிறுவனங்கள் அப்படிப் பதிந்தால், 2025 நவம்பர் 1 முதலே இந்தக் கட்டாயம் உண்டு. எங்களுக்கு வரும் கடிதங்களில் தேதியைப் பற்றிய குழப்பம் குறைவுதான். மென்பொருள் வாங்கியாயிற்று, ஆனால் கடையில் நடப்பது அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறது என்பதே பலருடைய தவிப்பு.

இன்வாய்ஸ் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போய்ச் சேரும் ஏற்பாடுதான் இன்வாய்ஸ்நவ் என்கிறது அதிகாரபூர்வ விளக்கம். போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் அனுப்பத் தகுந்த இன்வாய்ஸ் உங்கள் மென்பொருளுக்குள் ஏற்கெனவே சரியாக உருவாகிவிட்டது என்று அந்த விளக்கம் எடுத்துக்கொள்கிறது. சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தங்களுக்குக் கணினி வரவில்லை என்று கடைக்காரர்கள் தங்களையே நொந்துகொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தேக்கா பக்கம் வாழை இலையும் கறிவேப்பிலையும் மொத்தமாகக் கொடுக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன் உணவகங்களுக்கு இலைக்கட்டு போகிறது. வாங்கியவர் டிஓவில், அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டில், கையெழுத்துப் போடுகிறார். கிழிந்த இலை இரண்டு கட்டு மறுநாள் திரும்பி வருகிறது. மாதக் கடைசியில் எல்லா டிஓவையும் கூட்டி ஒரே பில். உணவகக்காரர் அதை அப்படியே கட்டுவதில்லை; போன மாத பாக்கியையும் சேர்த்து தோராயமாக ஏதோ ஒரு தொகையைக் கொடுக்கிறார்.

இதை ஒரு தாளில் வரையலாம். விற்பவர், லாரி ஓட்டுநர், உணவகம், கணக்காளர் என்று ஆளுக்கொரு தடம். செய்யும் வேலைக்குக் கட்டம், கைமாறுவதற்கு அம்பு. இதை முறைப்படி வரைய 2004 முதல் பிபிஎம்என் என்ற குறியீடு இருக்கிறது. இன்வாய்ஸ்நவ்வுக்கு அடிப்படையான பெப்பொல் தரத்தின் ஆவணங்களிலும் இந்த வகைப் படங்கள் உண்டு. மென்பொருள் எழுதுபவருக்கு வேண்டிய இன்னொரு படம் கிளாஸ் டயகிராம். எதையெல்லாம் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும், ஒன்று மற்றொன்றோடு எத்தனைக்கு எத்தனை என்று சேரும் என்பதை அது சொல்லும். முதல் படத்தில் காலம் ஓடுகிறது. இரண்டாவதில் ஓட்டம் கிடையாது, பதிவு மட்டும் இருக்கிறது.

முதல் படத்திலிருந்து இரண்டாவதை எடுக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. கட்டத்துக்குள் இருக்கும் வேலையைக் கிளாஸ் ஆக்கக் கூடாது. அம்போடு எது கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் எது எழுத்தில் இருந்தாக வேண்டுமோ, அதுவே கிளாஸ். நம் இலைக்கடையில் டிஓ, திரும்பி வந்த கட்டு, இன்வாய்ஸ், கட்டிய பணம் என்று நான்கு தேறும். தடங்களையும் அப்படியே கிளாஸ் ஆக்கிவிடக் கூடாது. உங்களிடம் இலை வாங்கும் உணவகமே உங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு விற்கலாம். ஒரே ஆள், இரண்டு தடம். பெப்பொல் இன்வாய்ஸுக்கு மூலமான யுபிஎல் தரம் இதை அழகாகக் கையாள்கிறது: 'பார்ட்டி' என்று ஒரே கிளாஸ், விற்பவரா வாங்குபவரா என்பது அதன் மேல் போர்த்தும் பொறுப்பு.

எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கில்தான் எனக்குக் கவலை. ஓர் இன்வாய்ஸுக்கு எத்தனை டிஓ? 2013இல் வந்த யுபிஎல் 2.1 எத்தனை வேண்டுமானாலும் குறிப்பிட இடம் தருகிறது. ஆனால் ஐரோப்பாவின் 2017ஆம் ஆண்டு மின்இன்வாய்ஸ் தரமான இஎன் 16931, முழு இன்வாய்ஸுக்கும் சேர்த்து அதிகபட்சம் ஒரே ஓர் அனுப்புகைக் குறிப்பு எண்ணை வைத்தது. பெப்பொல் பில்லிங் அந்தத் தரத்தை ஒட்டியது. சிங்கப்பூர் வடிவமும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு தடவை சரக்கு, ஒரு தடவை பில் என்று நடக்கும் வணிகத்துக்கு அது போதும். நம் இலைக்காரரிடம் மாதக் கடைசியில் ஓர் உணவகத்துக்கே 26 டிஓ இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கான இன்வாய்ஸ் என்று குறிக்க அந்தத் தரத்திலேயே இடம் உண்டு. ஆனால் 26 டிஓக்களும் உங்கள் மென்பொருளுக்குள் 26 பதிவுகளாக இருக்க வேண்டும். வெளியே அனுப்பும் படிவத்தையே பார்த்து உள்ளே கிளாஸ்களை அமைத்த மென்பொருளில் டிஓவுக்கென்று ஒரு கிளாஸே இருக்காது. ஒன்று, தினம் ஓர் இன்வாய்ஸ் போட வேண்டும். அல்லது மாதம் முழுவதையும் 'வாழை இலை' என்று ஒரே வரியில் எழுத வேண்டும். மூன்றாம் வாரம் திரும்பி வந்த இரண்டு கட்டு பற்றி வாடிக்கையாளர் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் பல வருடமாக வளர்ந்த நம்பிக்கை, ஒரு படத்தில் விடுபட்ட கோட்டால் கெடக் கூடாது.

வரி விகிதத்திலும் இதே கதைதான். ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1இல் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1இல் 9 விழுக்காடாகவும் ஏறியது. 8 விழுக்காட்டில் பில் போட்ட சரக்கு, விகிதம் ஏறிய பிறகு திரும்பி வந்தாலும் கிரெடிட் நோட் 8 விழுக்காட்டில்தான் போக வேண்டும். விகிதத்தைப் பொருளோடு ஒட்டி வைத்த மென்பொருள் அதை 9 என்று போடும். இன்வாய்ஸின் ஒவ்வொரு வரியோடும் வைத்தது சரியாகப் போடும். முதல் படத்தில் சரக்கு திரும்பி வரும் அம்பை வரைந்திருந்தால் இது முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

கடையில் நடப்பதை வரையாமல், நடக்க வேண்டும் என்று கையேடு சொல்வதை வரைந்தாலும் கிளாஸ்கள் கோணலாகவே வரும். இந்த ஊருக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1989இல் டிரேட்நெட் வந்தபோது, ஏற்றுமதி இறக்குமதிக் காகிதங்கள் யார் யாரிடம் போகின்றன என்று முதலில் ஆராய்ந்தார்கள். பல படிவங்கள் ஒரே படிவமாகச் சுருங்கிய பிறகே அது கணினிக்குப் போனது. சிராங்கூன் ரோட்டுச் சிறு கடைக்கும் அந்தப் பொறுமையைக் காட்ட வேண்டும். மென்பொருள் விற்க வருபவர் திரையைத் திறக்குமுன் உங்கள் டிஓ கட்டையும் பாக்கி நோட்டையும் அவர் முன் வையுங்கள். 26 டிஓவுக்கு ஒரு பில் எப்படி, அரைகுறையாகக் கட்டிய பணம் எந்த பில்லில் கழியும் என்று கேளுங்கள். பதிலைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி மற்ற கேள்விகள்.

பிடிஎஃப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் போதாதா? போதாது, மென்பொருள் நேரடியாகப் படிக்கும் வடிவில் இருக்க வேண்டும்.

ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டியதால் கட்டாயமாகப் பதிபவர்களுக்கும் இந்த ஏப்ரல் 1 பொருந்துமா? இந்தக் கட்டம் தாமாகப் பதிபவர்களுக்கு மட்டும்.

வாங்குபவர் இன்வாய்ஸ்நவ்வில் இல்லையே? அவர் இல்லாவிட்டாலும் உங்கள் இன்வாய்ஸ் விவரம் ஆணையத்துக்குப் போயாக வேண்டும்.

கல்லாவில் காசு கொடுத்து வாங்குபவர்கள்? அந்த விற்பனையைத் தொகுத்து அனுப்பலாம்.

படம் வரைய ஏதாவது மென்பொருள் வேண்டுமா? வேண்டாம், டிஓவின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும்.