யாழ்ப்பாணக் காணி விலையும் செயற்கை நுண்ணறிவும்

பழைய விற்பனைகளின் விலை, பரப்பளவு, அமைவிடம் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு புதிய காணிக்கு விலை சொல்லும் கணினி மாதிரிகள் மேலை நாட்டு வங்கிகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. ஒருவர் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பது, அது தமக்குப் பயன்படும், கையாள இலகுவானது என்ற இரண்டு நம்பிக்கைகளில் தங்கியுள்ளது என்று 1989இல் பிரெட் டேவிஸ் விளக்கினார். குடாநாட்டு விலைமதிப்பாளர் இந்த மாதிரிகளை ஏற்கத் தயங்கினால், அதை இயந்திர அச்சம் என்று தள்ளிவிடுவது தவறு. இங்கே சிக்கல் முதலாவது நம்பிக்கையில்தான்; அதன் வேர் தரவில் இருக்கிறது.

உறுதியில் எழுதிய விலையே மாதிரிக்கு உணவு. ஆனால் காணி விற்பனையில் முதல் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட பெறுமதிக்கு 4 சதவீத முத்திரைவரி உண்டு. கைமாறிய பணத்தைவிடக் குறைந்த தொகை உறுதியில் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சீதன உறுதியிலும் நன்கொடை உறுதியிலும் சந்தை விலையே இராது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமையைத் தருகின்றன. அப்படி உறவுக்குள் முடிந்த விலையைத் திறந்த சந்தை விலையாகக் கொள்ள முடியாது. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணிகளுக்குப் பல ஆண்டு விலை வரலாறே இல்லை. மத்திய வங்கி வெளியிடும் காணி விலைமதிப்புச் சுட்டெண்ணும் கொழும்பு மாவட்டத்துக்கு உரியது.

அளவையிலும் பொறி உண்டு. வரகு விதைப்புக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர். நெல் விதைப்புக் கணக்கில் 24 லாச்சம். பழைய உறுதியை வாசிக்கும் மென்பொருள் இவற்றை மாற்றிக் கொண்டால் பரப்பளவு ஒன்றரை மடங்கு பிசகும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒரு வளவின் கிணறு நன்னீராகவும் அடுத்ததன் கிணறு உவராகவும் இருக்கலாம். ஒழுங்கைக்குள் லொறி போகுமா, பங்கு பிரிந்ததா, யாருக்காவது சீவிய உரித்து இருக்கிறதா என்பவையும் விலையைத் தூக்கும், இறக்கும். செய்மதிப் படத்தில் கிணற்றைக் காணலாம். தண்ணீரைக் குடித்துப் பார்க்க முடியாது.

ஆகவே விலை சொல்வதற்கு முந்திய வேலைகளில்தான் ஏற்பு எளிதாகும்: கட்டடத்தின் தளப்பரப்பைப் படத்திலிருந்து கணித்தல், உறுதிகளைச் சுருக்குதல், ஒப்பீட்டுக் காணிகளை அட்டவணையிடல், அறிக்கையின் முதல் வரைவு. இவற்றில் மிச்சமாகும் நேரம் களப் பார்வைக்குக் கிடைப்பது பெரிய நன்மை.

விலை பிழைத்தால் நட்டம் சிறிதல்ல. கணினிக் கணிப்பின் துணையோடு வீடுகளை வாங்கி விற்ற அமெரிக்க நிறுவனமான சில்லோ, 2021இல் அந்த வியாபாரத்தையே மூடியது. மதிப்பாளரின் தொழில்முறைத் தீர்ப்பு சேராத எந்த மாதிரியும் தரநிலைக்கு அமைந்த மதிப்பீட்டைத் தர முடியாது என்று, 2025 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் சொல்கின்றன.

மெய்யான விற்பனை விலைகள் மதிப்பாளர்களின் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. வாடிக்கையாளரின் பெயரும் கடன் விபரமும் நீக்கி அவற்றை ஒன்றுசேர்த்தால் குடாநாட்டுக்கென ஒரு தரவுத்தளம் உருவாகலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருதும்போது அந்த நீக்கம் முக்கியமானது. அப்போதும் அறிக்கையில் ஒப்பமிடுபவர் மதிப்பாளரே. பிரிவினை வழக்கிலோ காணி எடுத்தற் பிணக்கிலோ, இந்தக் காணிக்கு இவ்வளவு என்று எந்த அடிப்படையில் எழுதினார் என்ற கேள்விக்கு அவர்தான் விடை சொல்லவேண்டும். காரணத்தைக் காட்டாமல் தொகையை மட்டும் தரும் மாதிரி அங்கே அவருக்கு உதவாது.