சிறைக்கதவும் பள்ளிக்கதவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் சட்டம், ஏழு வயது நிரம்பிய குழந்தையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இடம் தந்தது. பசிக்கு ரொட்டி திருடிய சிறுவனும் களவில் பழுத்த முதியவனும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர். விடுதலையாகி வெளியே வந்த சிறுவன், உள்ளே கற்றுக்கொண்ட தொழிலையே வெளியே செய்தான். மீண்டும் உள்ளே போனான். இச்சுழலை அறுப்பதற்குச் சட்டமே மாறவேண்டும் என்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர் பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் பெயர் மேரி கார்ப்பெண்டர்.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் 1807 ஏப்ரல் 3 அன்று அவர் பிறந்தார். தந்தை லான்ட் கார்ப்பெண்டர் சமய போதகர்; தாமே ஒரு பள்ளியையும் நடத்தினார். பெண்களுக்குத் தையலும் இசையும் போதும் என்று கருதப்பட்ட அக்காலத்தில், அப்பள்ளியின் மாணவர்களோடு அமர்ந்து இலத்தீனும் கிரேக்கமும் கணக்கும் அறிவியலும் பயின்றார் மேரி. பிரிஸ்டல் நகருக்குக் குடும்பம் இடம்பெயர்ந்த பின்னர், 1829இல் தாயும் தங்கையரும் துணைநிற்கப் பெண்களுக்கான பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார்.

1833ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரண்டு விருந்தினர்களைக் கொண்டுவந்தது. ஒருவர், உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்கு எதிராகப் போராடிய இராஜாராம் மோகன்ராய். பிரிஸ்டலுக்கு வந்த அவர் நோயுற்று அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று அங்கேயே மறைந்தார். மற்றொருவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜோசப் டக்கர்மன். மேரியோடு தெருவில் நடந்து செல்கையில் கந்தலுடுத்த சிறுவன் ஒருவன் குறுக்கே ஓட, அவனைப் பின்தொடர்ந்து சென்று அவன் வீட்டின் நிலையை அறியவேண்டும் என்று டக்கர்மன் கூறினாராம். இந்தியாவும் தெருவோரச் சிறுவனும் அன்று முதல் மேரியின் நினைவிலிருந்து நீங்கவில்லை.

கந்தல் பள்ளியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

1846இல் பிரிஸ்டலின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றான லூவின்ஸ் மீட்டில் அவர் ஒரு பள்ளியைத் திறந்தார். காலில் செருப்பில்லாத, குளித்து நாளான, வேறெந்தப் பள்ளியும் சேர்க்க மறுத்த சிறுவர்களே அதன் மாணவர்கள். இத்தகைய பள்ளிகளுக்குக் 'கந்தல் பள்ளி' என்றே பெயர். அங்கு அவர் கண்ட உண்மை எளியது. குற்றம் செய்த குழந்தையும் குற்றம் செய்யாத ஏழைக் குழந்தையும் ஒரே தெருவில், ஒரே பசியோடு வளர்ந்தவர்கள்.

இக்கருத்தை 1851இல் ஒரு நூலாகவே எழுதினார். வறிய குழந்தைகளுக்கு இலவசப் பகல் பள்ளி, தெருவில் திரிவோர்க்கு உணவும் தொழிலும் தரும் தொழிற்பள்ளி, குற்றம் புரிந்தோர்க்குச் சீர்திருத்தப் பள்ளி என மூவகைப் பள்ளிகளை அந்நூல் வேண்டியது. அதே ஆண்டு பர்மிங்காமில் இதுபற்றி மாநாடு ஒன்று கூடிற்று. மாநாட்டுக்குக் காரணமானவர்களுள் ஒருவராக இருந்தும் மேரி அதில் மேடையேறவில்லை. பொது அவையில் பெண் பேசுவது பண்பன்று என்னும் எண்ணம் அவரையும் அன்று கட்டியிருந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியளித்தார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1852இல் கிங்ஸ்வுட் என்னும் இடத்தில் ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். 1854இல் கவிஞர் பைரனின் மனைவி வாங்கித் தந்த 'ரெட் லாட்ஜ்' என்னும் பழைய மாளிகையில் சிறுமியருக்கெனத் தனிப்பள்ளி அமைத்தார். அவ்வாண்டே இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறி, பதினாறு வயதுக்கு உட்பட்டோரைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு வழங்கியது. 1857இல் தொழிற்பள்ளிகள் சட்டமும் வந்தது.

எனினும் 1854ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. பள்ளிக்கு அனுப்பப்படும் குழந்தை முதலில் பதினான்கு நாளேனும் சிறையில் இருந்தாக வேண்டும். தண்டனையின்றித் திருத்தம் இல்லை என்று நம்பியவர்கள் செருகிய விதி அது. மேரி இறுதிவரை அதை எதிர்த்தார். 1899இல்தான் அவ்விதி முற்றிலும் நீங்கியது. அதைக் காண அவர் இல்லை.

அவருடைய சிந்தனையில் குறையும் உண்டு. ஏழைக் குழந்தைகளை 'அழியும் வகுப்பு', 'அபாய வகுப்பு' என்று பிரித்த சொற்களை அவர் தம் நூலின் தலைப்பிலேயே தாங்கியிருந்தார். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பல்லாண்டுகள் பிரித்து வைப்பது நன்மையே தரும் என்று அவர் நம்பியதை இன்றைய குழந்தை நலச் சட்டங்கள் ஏற்பதில்லை.

இந்தியப் பயணங்கள்

1866இல், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், மேரி இந்தியாவுக்குக் கப்பலேறினார். பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களின் பள்ளிகளையும் சிறைகளையும் பார்வையிட்டார். பெண்கல்வி, சீர்திருத்தப் பள்ளி, சிறைநிலை ஆகிய மூன்றையும் பற்றி அரசுக்கு எழுதினார். பெண்பள்ளிகளில் ஆண்களே கற்பித்ததால் சிறுமியர் விரைவிலேயே நிறுத்தப்படுவதைக் கண்டு, ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றார். பெண்கல்விக்காகவே உழைத்த ஈசுவர சந்திர வித்யாசாகர் இதற்கு உடன்படவில்லை. மதிப்புள்ள குடும்பத்துப் பெண்களை ஆசிரியைகளாக வெளியே அனுப்பச் சமூகம் இசையாது என்பது அவர் கணிப்பு. கல்கத்தாவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1872இல் மூடப்பட்டது. சமூகத்தை அறிந்தவர் வித்யாசாகரே எனினும், ஆசிரியை வேண்டும் என்னும் கோரிக்கை காலத்துக்கு முற்பட்டதே தவிரத் தவறானதன்று.

மேலும் மும்முறை அவர் இந்தியா வந்தார். 1875ஆம் ஆண்டுப் பயணத்தின்போது பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழன்ற குழந்தைகளின் நிலையை ஆட்சியாளரின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1876இல் இந்தியாவுக்கான சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1877 ஜூன் 14 அன்று மேரி பிரிஸ்டலில் காலமானார். இராஜாராம் மோகன்ராய் துயிலும் ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. ஏழு வயதுக்கு உட்பட்டோரை ஆலையில் அமர்த்தக்கூடாது. பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கு நாளுக்கு ஒன்பது மணிநேரமே வேலை. இந்த அற்பச் சலுகையும் அன்று பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது.

நம் மாநிலத்தில்

செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி நிறுவப்பட்டது. 1897இல் திருத்தி எழுதப்பட்ட சீர்திருத்தப் பள்ளிகள் சட்டமோ சிறுவர்களை மட்டுமே கருதியது, சிறுமியரை மறந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1920. வங்காளமும் பம்பாயும் அதன்பின்னரே இயற்றின. நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986இல் வந்து, 2000இலும் 2015இலும் புதிதாக இயற்றப்பட்டது.

திண்டுக்கல் மாவட்டத்தின் குஜிலியம்பாறையில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன்மீது திருட்டுக் குற்றம் சுமத்தப்படுவதாகக் கொள்வோம். அவனைக் காவல்நிலையச் சிறையறையில் அடைக்க இன்றைய சட்டம் இடம் தராது. நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் அவன் நிறுத்தப்படுவான். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும். பெற்றோரிடம் அனுப்ப இயலாதபோது விசாரணை முடியும்வரை அவன் தங்கும் இடத்தின் பெயர் கூர்நோக்கு இல்லம். அவ்வூரை அடுத்த வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் மிகுதி. பதினான்கு வயது நிறையாத எவரையும் அவ்வாலைகளில் வேலைக்கு அமர்த்துவது குற்றம். பதினாறு வயதைக் கடந்தவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்பட்டால் அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கவும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்துள்ளது. அது தகுமா என்பதில் சட்ட அறிஞர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.