ரோல் தீர்க்க எடுத்த படம்

கருப்பு வெள்ளைக் காலத்தில், 36 படம் உள்ள ரோலில் கல்யாணம் 32-லேயே முடிந்துவிட்டால், மிச்சத்தை எதையாவது எடுத்துத் தீர்த்துவிட்டுத்தான் டார்க் ரூமுக்குள் நுழைவேன். ஒரு தடவை எதிர்க்கடை டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை எடுத்தேன். வெயிலில் ஒரு முழத்துக்கு நீண்டு நின்றது டீ. அந்தக் கல்யாணம் யாருடையது என்பது மறந்தே போயிற்று. டீ படம் இன்னும் ஸ்டூடியோ சுவரில் இருக்கிறது.

அதற்குப் பக்கத்தில், பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி ஃபிரேம் போட்ட இன்னொரு படம்: நிலவின் கோப்பர்நிகஸ் பள்ளம். அதுவும் ஒரு வகையில் ரோல் தீர்க்க எடுத்ததுதான்.

1966 நவம்பரில் அமெரிக்காவின் லூனார் ஆர்பிட்டர் 2 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போலோவில் போகிறவர்கள் இறங்கத் தோதான சமதரை எங்கே என்று பார்ப்பதுதான் அதன் வேலை. உள்ளே இருந்தது கோடக் செய்த பிலிம் கேமரா. 70 மில்லிமீட்டர் ரோல், இரண்டு லென்ஸ். படம் எடுப்பது, டெவலப் செய்வது, காயவைப்பது, பூமிக்கு அனுப்புவது எல்லாம் அந்தக் கலத்துக்குள்ளேயே. ஆள் கிடையாது.

இது எத்தனை துணிச்சல் என்று டார்க் ரூமில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு டெவலப்பர் ஒரு தொட்டி, ஹைப்போ ஒரு தொட்டி, அப்புறம் தண்ணீரில் அலசல். எடையே தெரியாத இடத்தில் தொட்டி எப்படி வைப்பது? அவர்கள் மருந்து ஊறிய இன்னொரு பிலிமை, படம் விழுந்த பிலிமோடு முகத்துக்கு முகம் ஒட்டினார்கள். சுமார் மூன்றரை நிமிடம் கழித்துப் பிரித்தால் நெகட்டிவ் தயார். அந்த மருந்துப் பிலிமுக்கு பைமேட் என்று பெயர். அலசலே இல்லை! கோடையில் ஸ்டூடியோவுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவன் நான். படித்தபோது பொறாமையாக இருந்தது.

ஆனால் ரோல் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இறங்குமிடங்களுக்கு நடுவே வேலை இல்லாத நேரத்திலும் அதை நகர்த்தியாக வேண்டும். நகர்த்துவதுதான் நகர்த்துகிறோம், வெறும் பிலிமாகப் போவானேன்? அப்படி எடுத்த 12 உபரிப் படங்களில் ஒன்றுதான் கோப்பர்நிகஸ். சுமார் 45 கிலோமீட்டர் உயரத்தில், பள்ளத்துக்குத் தெற்கே 240 கிலோமீட்டர் தள்ளி இருந்தபடி, சாய்வாக ஒரு கிளிக்.

அதுவரை நிலவுப் படம் என்றால் பெரும்பாலும் தோசைக்கல்லை மேலிருந்து பார்த்த மாதிரி. இதில் மலை எழுந்து நிற்கிறது. 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம், நடுவே குன்றுகள், பின்னால் படிப்படியாகச் சரிந்த சுவர். நூற்றாண்டின் படம் என்று கொண்டாடினார்கள்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். அம்மைத் தழும்பு முகத்துக்கு நாங்கள் நேர் வெளிச்சம் போடுவோம். மிச்சத்தை டச்சிங் பென்சில் பார்த்துக்கொள்ளும். இவர்களுக்கோ தழும்புதான் வேண்டும். இறங்குமிடங்களைச் சாய்வெயில் விழும் நேரமாகப் பார்த்து எடுத்தார்கள். சின்ன மேடுகூட நிழல் நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்தில் ஏன் கோடு கோடாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நெகட்டிவ் மீது மெல்லிய ஒளிப்புள்ளியை ஓடவிட்டு, பட்டை பட்டையாக சிக்னலாக்கி அனுப்பினார்கள். பூமியில் அந்தப் பட்டைகளை அடுக்கி ஒட்டினார்கள். ஒட்டுதான் கோடு.

சரி, நெகட்டிவ் எங்கே? தொழில்காரன் முதலில் அதைத்தான் கேட்பான். அந்த வரிசையில் போன 5 கலங்களும் கடைசியில் நிலவிலேயே மோதி விழுந்தன, ரோலோடு. பூமியில் மிஞ்சியவற்றில் அந்த சிக்னலைப் பதிந்த காந்த நாடாக்களும் உண்டு. 2008 வாக்கில், கலிபோர்னியாவின் நாசா ஏம்ஸ் மையத்தில், மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் உட்கார்ந்து, பழைய ஆம்பெக்ஸ் நாடாக் கருவிகளை ரிப்பேர் பார்த்து அவற்றை ஓட்டினார்கள். படங்கள் முன்னைவிடத் தெளிவாக வந்தன. நானும் பார்த்தேன். இருந்தாலும் சுவரில் இருப்பதை மாற்றவில்லை. எனக்கு அந்த ஒட்டு தெரிய வேண்டும்.