கியாரா பூங்கா தப்பியது. அடுத்ததற்குப் பணம் எங்கே?

கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி இருக்கும் தாமான் ரிம்பா கியாரா 25 ஏக்கர் பரப்புள்ள பூங்கா. 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் அதைப் பொதுத் திறந்தவெளியாகக் குறித்திருந்தது. அப்படியிருந்தும் 2017 ஜூலையில், அதில் சுமார் 12 ஏக்கரில் வானளாவிய அடுக்குமாடிகள் எழுப்ப மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது.

குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் கைவிரித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அந்தத் தீர்ப்பு ஒரு பூங்காவோடு நின்றுவிடவில்லை. கட்டமைப்புத் திட்டம் என்பது அலமாரியில் கிடக்கும் காகிதம் அல்ல, சட்ட மதிப்புள்ள ஆவணம். அதை மீறி அனுமதி தருவதென்றால் மாநகர் மன்றத் தலைவர் காரணம் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்படும் அக்கம்பக்கத்தாருக்கும் பேச உரிமை உண்டு.

இந்த வழக்கில் நம்மவர் கதை ஒன்றும் இருக்கிறது. புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டபின் பாட்டாளிக் குடும்பங்கள் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டன. அந்தத் 'தற்காலிகம்' நாற்பது ஆண்டுகளை நெருங்கியது. அடுக்குமாடித் திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்ததால் அவர்கள் அதை ஆதரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அரசின் கடமை. அந்தக் கடமையைத் தனியார் மேம்பாட்டாளரின் லாபத்தோடு முடிச்சுப் போட்டதால், பூங்கா கேட்டவரும் வீடு கேட்டவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. பொதுப்பணம் ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த மோதலுக்கே இடமிருந்திருக்காது.

சட்டம் ஒரு கால் என்றால் பணம் மறு கால். நம்மிடம் பலவீனமாக இருப்பது இரண்டாவதுதான்.

மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. மாநிலங்களுக்குக் கிடைக்கும் சொந்த வருமானத்தில் நிலத்திலிருந்து வருவது பெரும்பங்கு. காட்டைக் காட்டாகவே விட்டால் கருவூலத்துக்கு எதுவும் வராது. நிலமாக மாற்றிக் கொடுத்தால் பிரீமியம் வரும். கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் நடந்தது இதன் விளைவு. 2020 பிப்ரவரியில் ஏறக்குறைய முழுக் காப்பகத்தையும், அதாவது 931 ஹெக்டரை, பட்டியலிலிருந்து நீக்கச் சிலாங்கூர் வனத்துறை அறிவிப்பு விட்டது. அங்கே வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தனர். இருந்தும் சுமார் 537 ஹெக்டர் நீக்கப்பட்டுவிட்டது 2021 ஆகஸ்ட் இறுதியில் தெரியவந்தது. எதிர்ப்பு பலத்ததும், செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்.

காடா வருமானமா என்ற இழுபறிக்கு மருந்தாகத்தான் மத்திய அரசாங்கம் 2019 பட்ஜெட்டிலேயே ஒரு நிதியைத் தொடங்கியிருந்தது. காட்டையும் உயிர்ப்பன்மையையும் காக்கும் மாநிலங்களுக்கு மானியம் தருவது அதன் வேலை. முதலில் 6 கோடி ரிங்கிட். 2025 பட்ஜெட்டில் 25 கோடி ரிங்கிட். நல்ல வளர்ச்சிதான். ஆனால் அது பதின்மூன்று மாநிலங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகை; காடுகளை மனத்தில் வைத்து உருவானது. பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகள் விளையாட ஒரு திடலோ கிள்ளானில் ஆற்றோரம் ஒரு நடைபாதையோ வேண்டுமென்றால் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

அமெரிக்கா இதை 1960களிலேயே வேறு விதமாகக் கட்டியது. கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்திலிருந்து நிலத்துக்கும் நீருக்கும் ஒரு பாதுகாப்பு நிதி. 2020 முதல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் நிரந்தரமாக உறுதி செய்யப்பட்டுள்ளது. பங்கு வேண்டும் மாநிலம், மக்களுக்கு எங்கே எத்தகைய வெளிப்புறப் பொழுதுபோக்கு இடங்கள் தேவை என்று ஆராய்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநிலத் திட்டம் தயாரிக்க வேண்டும். செலவில் பாதியை உள்ளூர் தரப்பு போட வேண்டும். இந்தப் பணம் தொட்ட பூங்காவை வேறு காரியத்துக்கு எடுத்தால், அதே மதிப்புள்ள வேறு நிலத்தைப் பூங்காவாக்கித் தர வேண்டும் என்பது இதில் மிக வலுவான விதி.

நமக்கும் எண்ணெய் வருமானம் உண்டு. பெட்ரோனாஸ் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு ஈவுத்தொகை தருகிறது. அதில் ஒரு சிறு பங்கை நகரப் பூங்காக்களுக்கென்று சட்டத்தால் ஒதுக்கலாம். 'எடுத்த நிலத்துக்கு மாற்று நிலம்' என்ற விதியை மாநகர் மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் எழுத்தில் ஏற்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை. உங்கள் வட்டாரத் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். திடல், கோயில் ஓரத்துக் காலி நிலம், ஆற்றங்கரை என்ன நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். மறுப்பு இருந்தால் காலக்கெடுவுக்குள் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.